மலையிறங்கிய சதைத்துண்டுகள்

சுமை தூக்கிப் பிழைத்தவன் என்று சொன்னால் என் தோளைப் பார்க்காதீர்கள். நான் தூக்கிய சுமைகளில் பெரியது ஒரு சுண்டைக்காய் அளவுக்கு மேல் இராது.

கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு ராத்திரி வார்டு வேலை. போர்வையை இழுத்துவிடுவது, கணப்புக்குக் கரி போடுவது, தண்ணீர் கேட்டால் தண்ணீர், பேச்சு கேட்டால் பேச்சு. விடிந்ததும் மற்ற ராத்திரிக்காரர்கள் வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்துக்கொள்வார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. ராத்திரியும் தூங்கக்கூடாது, பகலிலும் வராது என்றால் மனுஷன் என்ன செய்வான்? பழைய டாக்டர் புத்தகங்களையும் ஒரு கிழிந்த அகராதியையும் வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்வான். இதைத் தெரிந்துகொண்டு என் தலையில் இன்னொரு வேலையைக் கட்டினார்கள். ஐம்பதுகளின் கடைசி, அறுபதுகளின் தொடக்கம். சதையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து இன்ன நோய் என்று சொல்ல அப்போது மலைமேல் ஆள் கிடையாது. சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு துணுக்கை எடுத்து, அழுகாமலிருக்கப் பார்மலின் ஊற்றிய சீசாவில் போட்டு, மதுரைக்கு அனுப்பவேண்டும். தபாலில் போனால் உடையும். முதல் பஸ்ஸில் என் மடியில் போனால் உடையாது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, தன் பேரை எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவர்கள் உங்களில் பாதிப்பேராவது இருப்பீர்கள். மீதிப்பேர் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். ஆகவே உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ சீசா கொண்டுபோனேன். இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் ஒரே சீசாவைப் பற்றி. பூம்பாறை மாரியாயியின் சீசா.

வலிக்காத புண்

மாரியாயி தன் வாயைக் காட்ட வரவில்லை. தம்பி குழந்தைவேலுவின் கையில் அரிவாள் பட்டிருந்தது, அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் பூம்பாறையில் பூண்டு வயலில் பாடுபடுகிறவர்கள். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. தம்பி வீடுதான் வீடு. நான் டூட்டிக்கு வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்த சாயங்கால நேரம். எங்கள் டாக்டரம்மா கட்டுப்போடும்போது தம்பி "ஆ"வென்று கத்த, "ஏலே, பிரசவம் பாக்கவா வந்திருக்கோம்?" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டரம்மா கட்டுத்துணியை அப்படியே விட்டுவிட்டு, "இங்க வாம்மா, வெளிச்சத்துக்கு வா. வாயைத் திற" என்றார்.

இடது கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தெறித்த சுவர்போல வெள்ளை படர்ந்திருந்தது. அதன் நடுவில் ஒரு காலணா அளவுகூட இல்லாத புண். ஓரம் சுருட்டிவிட்டாற்போல் மேடு. டாக்டரம்மா விரல் வைத்துப் பார்த்தார். அடியில் கெட்டியாக இருந்ததாம். சரியாக அந்த இடத்தில்தான் மாரியாயி புகையிலை அடக்குவது. பனி கொட்டும் வேளையில் வயலில் இறங்க வாய்க்குள் அந்தச் சூடு வேண்டும். படுக்கும்போதும் துப்புவதில்லை, கன்னத்தில் அதுவும் தூங்கும். "வலிக்குதா?" என்றார் டாக்டரம்மா. இல்லை. "காந்துதா?" காரம் பட்டால் கொஞ்சம். "எத்தனை நாளா இருக்கு?" போன பூண்டு எடுப்பிலிருந்து. வலி இல்லவே இல்லையா என்று மறுபடி கேட்டார். இல்லவே இல்லை.

வலி என்பது வீட்டுநாய் மாதிரி, திருடன் வந்தால் குரைக்கும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். இந்தத் திருடன் முதலில் நாய்க்குச் சோறு போட்டுப் பழகிவிட்டுத்தான் உள்ளே வருகிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.  டாக்டரம்மா முகம் வாடி விரலைத் துடைத்துக்கொண்டு நின்றார், நானும் அப்படியே. மாரியாயிதான் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வலிக்குதுன்னு சொன்னாத்தான தாயி மூஞ்சியத் தொங்கப்போடணும்? நான் வலிக்கலைன்னு சொல்றேன், நீங்க என்னமோ எழவு வீட்டுக்கு வந்தவுக மாதிரி நிக்கிறீங்களே!"

இரும்பு படலாமா

துண்டு எடுக்கவேண்டும் என்றதும் குழந்தைவேலு அக்காளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். இரும்பு பட்டால் பரவிவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தருடைய மாமனார், ஒருத்தருடைய ஓரகத்தி, எல்லாரும் கத்தி வைத்த பிறகுதான் செத்தார்களாம். எந்த நிலைமையில் கத்தி வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முற்றிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்து, கத்தி பட்டு, அப்புறம் சாவு என்றால் பழி கத்திமேல்தானே?

"துண்டு எடுத்தா பரவாதுப்பா. எடுக்காட்டி எனக்கு இது புற்றா, வெறும் புண்ணா, தெரியாது. தெரியாமலே வைத்தியம் பாக்கவா?" என்றார் டாக்டரம்மா. மரத்துப்போக ஊசி போட்டு, துவரம்பருப்பு அளவு கிள்ளி எடுத்தார். புண்ணின் நடுவிலிருந்து இல்லை, ஓரத்திலிருந்து. நடுவில் செத்த சதைதான் இருக்குமாம். நல்லதும் கெட்டதும் முட்டிக்கொள்கிற இடம் ஓரம்தானாம். சீசாவுக்குள் அது மெல்ல இறங்கி அடியில் உட்கார்ந்தது. மாரியாயி வாயில் பஞ்சை அழுத்திக்கொண்டு அதையே பார்த்தாள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஜாடையில் கேட்டாள். மதுரைக்கு என்றேன். பஞ்சை எடுத்துவிட்டாள்.

"நானே இன்னும் மதுரையப் பாக்கலை. என் கன்னத்துச் சதை என்னைய முந்திக்கிட்டு மீனாச்சியப் பாக்கப் போகுதாக்கும்! நல்லாக் கும்பிட்டுட்டு வரச் சொல்லுங்கண்ணே."

பக்கத்து சீட்டு

சீசாவை மப்ளரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் காதர் பாய். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், மதுரைக்குச் சரக்கெடுக்கப் போகிறார். என்ன சுற்றினாலும் பார்மலின் வாடை மூடிக்குள்ளிருந்து கசிந்து கண்ணைக் கரிக்கும். "என்னங்க அது? பேரிக்கா ஊறுகாயா? காரம் இங்க வரைக்கும் தூக்குதே. வத்தலக்குண்டுல தோசைக்கு எடுப்போமா?" என்றார். பஸ்ஸில் பொய் சொல்லத் தெம்பில்லாமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

பாய் காலை இரண்டையும் சீட்டுமேல் தூக்கிவைத்துக்கொண்டார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "தொத்திக்கிருமேங்க!" இல்லை என்றேன். சளி, அம்மை, காலரா மாதிரி ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தாவுகிற சாமான் இல்லை இது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், அவரவர் உடம்பில் அதுவாகக் கிளம்புவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நிஜமாகவா என்றார். டாக்டரம்மாவே சொன்னது என்றேன். காலை மெதுவாகக் கீழே விட்டார். பெருமாள்மலையில் ஆள் ஏறினார்கள், இறங்கினார்கள்.  மலை முழுக்க இறங்கி வெயில் முகத்தில் அடிக்கிறவரைக்கும் பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வத்தலக்குண்டில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"எங்கம்மாவுக்கு மார்ல கட்டி. கடைசி ஒரு வருசம் தனித் தட்டு, தனி ரூம்பு. பேரப்பிள்ளையத் தொட விடலை நாங்க, வாசப்படிலேயே நின்னு பாத்துட்டு வந்துருவோம். அப்ப அதெல்லாம் எதுக்குங்க?"

கிருமி எங்கே

சதையைக் கொடுத்த அன்றைக்கே முடிவு கிடைக்காது. அதைப் பதப்படுத்தி மெழுகில் பதிக்கவேண்டும், வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவவேண்டும், சாயம் ஏற்றவேண்டும். மறு நடையில் போய்த்தான் வாங்குவேன். மாரியாயியின் முடிவை வாங்கப் போனபோது, சதை பார்க்கிற டாக்டர், மூக்குப்பொடிப் பிரியர், நான் சுவரோரம் நிற்பதைப் பார்த்து, "தெனம் சுமக்கிறியே, ஒருநாளாவது பாத்திருக்கியா? வா" என்றார்.

கோரமாக ஏதாவது தெரியும் என்று பயந்துகொண்டே குனிந்தேன். அதிர்ச்சி என்னவென்றால், அது அழகாக இருந்தது. ரோஜா நிறமும் ஊதா நிறமும். பாவாடைத் துணிக்கு அச்சடிக்கலாம். கன்னத்தின் உள்தோல் அடுக்கு அடுக்காக இருப்பது. அடி அடுக்கில் பிறக்கிற செல்கள் மேலே ஏறி ஏறித் தட்டையாகி உதிர்ந்துபோகும். அடி அடுக்குக்குக் கீழே மெல்லிசாக ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டக்கூடாது. இப்படி அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பூம்பாறை வயல்கள் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு பாத்திக்கும் கல்வரப்பு. இங்கே வரப்பு பிடுங்கிக்கொண்டு, மேல்பாத்தி மண் முழுக்கக் கீழ்பாத்தியில் சரிந்து கிடந்தது. செல்களில் ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. நடுவில் இருக்கிற கரு ஒவ்வொன்றிலும் கருத்து வீங்கியிருந்தது. சில இடத்தில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் சுருள் சுருளாக வட்டம். நான் எதைத் தேடினேன் என்றால், பூச்சியை. இத்தனை நாசத்துக்கு வெளியிலிருந்து ஒன்று வந்திருக்கவேண்டுமே?

"புகையிலை அந்த இடத்தப் புண்ணாக்கிட்டே இருந்துச்சு. ஆத்தறதுக்குப் புதுசு புதுசாப் பொறந்துட்டே இருந்துச்சு. ஒருநாள் ஒண்ணு கோணலாப் பொறந்துருச்சு, அது பெத்ததெல்லாம் கோணல்" என்று சொல்லிக்கொண்டே பொடியை உறிஞ்சினார். "அப்போ கிருமி எதுங்க?" என்றேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"கிருமியாவது ஒண்ணாவது. எல்லாம் அந்தம்மா ஒடம்பு பெத்த புள்ளைகதான்யா. போதும்னா நிக்காது, சாகுன்னா சாகாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

தீ எதுவரைக்கும்

முடிவு வந்துவிட்டது, புற்றுதான். ஆனால் புற்று என்று தெரிந்தால் மட்டும் போதாதாம். எதுவரைக்கும் போயிருக்கிறது என்று பார்த்து, இத்தனையாவது கட்டம் என்று சொன்னால்தான் வைத்தியம். டாக்டரம்மா மாரியாயியை உட்காரவைத்து, பின்னால் நின்றுகொண்டு, தாடைக்குக் கீழேயும் கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் நுனியால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். மூட்டைக்குள் கை விட்டுப் பட்டாணி தேடுகிற மாதிரி. புண் எவ்வளவு பெரிசு? கழுத்தில் நெறி கட்டிவிட்டதா? நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் பறந்துவிட்டதா? மாரியாயிக்குப் புண் சின்னது. கழுத்தில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே படமும் சுத்தம். "முதல் கட்டந்தான். இப்பவே வெட்டி எடுத்துட்டா பிழைச்சுக்குவ" என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் முகத்தில் நான் முதல்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன். மாதம் ஒருமுறை கீழேயிருந்து ஆப்பரேஷன் டாக்டர் வருவார். அடுத்த வாரம் அவர் முறை. அதற்குள் அவள் படுக்கைக்கு வந்துவிடவேண்டும், புகையிலையை இன்றோடு துப்பிவிடவேண்டும்.

குழந்தைவேலுவுக்குக் கட்டக் கணக்கு விளங்கவில்லை. வராந்தா பெஞ்சில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு காட்டிலாகா கார்டு ஒருவர் இருந்தார். போன மாதம் காட்டுத்தீ அணைக்கப்போய்ச் சரிவில் உருண்டவர். கேட்காமலே வாயைக் கொடுத்தார்:

"ஏலே தம்பி, இப்ப ஒத்தப் புதர்ல எரியுது, செருப்புக் காலால மிதிச்சா அணைஞ்சுரும். தீக்கோடு வெட்டி வச்சிருக்கோம்ல, அதைத் தாண்டுச்சுன்னா ஊரையே கூப்பிடணும். பொறி பறந்து எதிர்மலையில பத்திக்கிச்சுன்னா யாரையும் கூப்பிட வேணாம், பாத்துட்டே நிக்க வேண்டியதுதான்."

நல்ல சேதி

அடுத்த வாரம் சொன்னபடி அக்காளும் தம்பியும் வந்து படுக்கை வாங்கினார்கள். அன்று சாயங்காலம் குழந்தைவேலு வார்டு முழுக்கச் சீனிமிட்டாய் கொடுத்தான். ஆரம்பந்தானாம், ஆரம்பந்தானாம் என்று ஒவ்வொரு கட்டிலிலும் சொன்னான். எனக்கும் இரண்டு கிடைத்தது. மறுநாள் நான் மதுரையில் வேறொரு சீசா கொடுத்துவிட்டுத் திரும்பினால் மாரியாயியின் கட்டில் காலி. போர்வையை அழகாக மடித்து வைத்துவிட்டு மத்தியானப் பூம்பாறை பஸ்ஸில் போய்விட்டார்களாம். பூண்டு எடுப்பு நெருங்குது, எடுத்துட்டு வர்றோம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். மரியாதைக்காரர்கள்.

அதே கட்டிலுக்கு அன்று சாயங்காலமே வில்பட்டியிலிருந்து ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றில் கட்டி, ஈரல் வரைக்கும் கல்லாக இறுகிவிட்டது, கண் மஞ்சள். மகன்கள், மருமகன்கள், ஒரு ஜீப்பு நிறைய ஆள். எங்கள் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இப்பவே வெட்டுங்கள் என்று டாக்டரம்மாவின் காலில் விழுந்தார்கள். அவர் அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். ஆப்பரேஷனுக்கு வந்திருந்த டாக்டர், கொண்டுவந்த பெட்டியைத் திறக்காமலே மூடிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பிழைக்க வேண்டியவ மிட்டாய் குடுத்துட்டு வீட்டுக்குப் போறா. போக வேண்டியவர் கத்தியக் கேட்டு வர்றார். நான் படிச்ச படிப்புல இதுக்கு மருந்து இல்லப்பா."

கன்னம் மாறிற்று

ஆள்மேல் ஆள் சொல்லியனுப்பினோம். வரவில்லை. வார லீவு ஒன்றில் நானே பூம்பாறைக்குப் பஸ் ஏறினேன். இது என் வேலை இல்லைதான். ஆனால் அந்த ரோஜா நிறமும் ஊதா நிறமும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் உட்கார்ந்து வெற்றிலை போடும் நேரத்திலும் அது சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். பஸ் வளைவுக்கு வளைவு நின்று நின்று போனது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

வயலில் பூண்டு பிடுங்கிக் கட்டுக்கட்டாகச் சாய்த்திருந்தார்கள். மலைச்சரிவு முழுக்க அந்த வாடை. மாரியாயி என்னைப் பார்த்ததும் மண்கையோடு ஓடி வந்தாள். முகம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தாள், கன்னத்தில் கொஞ்சம் தாராளமாகவே. "வாங்கண்ணே! மதுரைக்காரரு நம்ம ஊருக்கு வந்துட்டாரு!" என்று எல்லாருக்கும் காட்டினாள். எனக்கு ஒரு கட்டுப் பூண்டு கட்டிக்கொடுக்கச் சொல்லித் தம்பியை விரட்டினாள். நான் பூண்டுக்கா வந்தேன்? ஏன் வரவில்லை, டாக்டரம்மா என்ன சொன்னார், காது கேட்டதா இல்லையா என்று கத்தினேன். வருவேன், கட்டாயம் வருவேன், நானே நேரம் பார்த்து வருவேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பேசும்போதுதான் பார்த்தேன். வலது கன்னம் உப்பியிருந்தது. புகையிலை.  அது என்ன வாயில் என்று கையை நீட்டிக் காட்டினேன். குற்றம் கண்டுபிடித்த வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை அவள். மெச்சிக்கொள்ளுவேன் என்று எதிர்பார்த்துச் சொன்னாள்:

"டாக்டரம்மா சொல்லைத் தட்டுவனாண்ணே? அன்னைக்கே அந்தக் கன்னத்துல வக்கிறத விட்டுட்டேன். இப்பெல்லாம் இந்தப் பக்கந்தான்."

பதம்

அவள் சத்தியம் தவறவில்லை. பூண்டு விற்று, மழை பெய்து, ஆப்பரேஷன் டாக்டர் எத்தனையோ தடவை வந்துபோன பிறகு, ஒருநாள் விடிந்ததும் பூம்பாறை பஸ்ஸிலிருந்து தானாகவே இறங்கினாள். நான் டூட்டி முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குப் போகிற சேலை கட்டியிருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். இடது தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி, அதற்குள் ஆமணக்கு இலை. குழந்தைவேலு பின்னால் பாத்திரம் பண்டத்தோடு வந்தான். இந்தத் தடவை தங்குகிற ஏற்பாடு.

டாக்டரம்மா துணியை அவிழ்த்தார். அடுக்கடுக்காகப் பூசிக் காய்ந்த பற்று. மஞ்சள், அரிசிமாவு, ஆமணக்கெண்ணெய். உங்கள் வீட்டிலும் இதைச் செய்திருப்பார்கள். கட்டி என்று ஒன்று வந்தால் பச்சையாக இருக்கும்போது யாராவது கீறுவார்களா? களி கிண்டிச் சூடாக வைத்துக் கட்டி, முகம் எடுத்துப் பழுக்கிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து, அப்புறம்தானே கீறுவது? மாரியாயி ஆறு, ஏழு வயதிலிருந்து தன் உடம்பிலும் தம்பி உடம்பிலும் பார்த்த கட்டியெல்லாம் அப்படித்தான் ஆறியிருக்கின்றன. ஆரம்பம் என்று டாக்டரம்மா சொன்னபோது அவளுக்குக் கேட்டது அதுதான்: இன்னும் பச்சை, அவசரப்படாதே. தம்பி கொடுத்த மிட்டாய், மடித்து வைத்த போர்வை, பூண்டு வயலில் கன்னத்தில் பார்த்த மஞ்சள், எல்லாம் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிற்று. அவள் பயந்து ஓடவில்லை. ஒழுங்காக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னம் வெளிப்பக்கமாகவே உடைந்திருந்தது. தாடைக்குக் கீழே கோழிமுட்டை அளவு ஒரு கழலை. டாக்டரம்மா அதை விரலால் மெல்ல நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை. அதற்குக் கீழே இன்னொன்று, காறை எலும்பை ஒட்டி இன்னொன்று.  மெட்ராஸுக்கு அனுப்பிக் கரண்டு வைத்து, அதாவது கதிர் பாய்ச்சிப் பார்க்கலாம், வேதனை குறையும், அவ்வளவுதான் என்று இங்கிலீஷில் அவர் நர்ஸிடம் மெதுவாகச் சொன்னது எனக்கு விளங்கியது. எந்தப் புத்தகமும் படிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மாரியாயிக்கு வாய் பாதிதான் திறந்தது. ஆனாலும் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் முடித்தவளின் பெருமை கண்ணில் இருந்தது. டாக்டரம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இப்பத்தான் தாயி பதத்துக்கு வந்திருக்கு. பச்சையில கத்தி வச்சா பொல்லாப்புன்னு எம்புட்டு வலிச்சாலும் பொறுத்துப் பொறுத்துப் பழுக்க வச்சிட்டேன், இனி வெரசா வெட்டிவிடுங்க."

வருகிற நோயாளி ஒவ்வொருவரிடமும் "பொறுமையா இருங்க, பொறுமையா இருங்க" என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிற எங்கள் தொழிலில், அந்தச் சொல்லை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே ஒருத்தியை நாங்கள் காப்பாற்ற முடியாமல் போய்விட்டது.